கருப்பேறிய பானை

சங்கரன்கோவில் இருக்கும் தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் திருமலாபுரத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ஈமத்தாழிகளோடு கருப்பு-சிவப்புப் பானைகளும் வெளிவந்தன. அந்த வகை ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், வெளிப்புறம் செங்கல் சிவப்பு. வாய்விளிம்பும் உட்புறமும் வழவழவென்ற கருப்பு. அடுப்புக்கரி போல விரலில் ஒட்டாது.

அந்தக் கருப்பு ஏன் உதிரவில்லை?

மதுரைக்கு அருகே உள்ள கீழடியில் கிடைத்த, இதேபோல உட்புறம் கருத்த, கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓடுகளை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர் விஜயானந்த் சந்திரசேகரன் குழுவினர் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். உட்பூச்சில் இருந்தவை கார்பன் நானோகுழாய்கள், அதாவது கரியணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்கள்! பூச்சு உதிராமல் நிலைத்ததற்கு அவற்றின் உறுதி காரணமாக இருக்கலாம். அவற்றில் ஒற்றைச்சுவர்க் குழாய்களின் சராசரி விட்டம் 0.6 நானோமீட்டர், தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. 2020இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் முடிவு வெளியானது.

இந்தக் குழாய் வளர்வதற்குப் பொதுவாகக் கரிப்பொருள், சூடு, உலோகத் துகள் மூன்றும் வேண்டும். ஆய்வகத்தில் 600 முதல் 1000 டிகிரி வரை சூடேற்றிய இரும்பு, நிக்கல் துகள்மேல் கரி கலந்த வாயுவைச் செலுத்துவார்கள். வாயு சிதைந்து, கரி துகளுக்குள் கரையும். கரைய இடமில்லாமல் போனதும் குழாயாக வெளியே தள்ளப்படும். துகள் எவ்வளவு பெரிதோ, குழாயும் ஏறக்குறைய அவ்வளவே. குயவரின் களிமண்ணிலும் இரும்பு உண்டு. பானையைக் கவிழ்த்து, உள்ளே இலைதழையை அடைத்துச் சுட்டால் உட்புறத்துக்குக் காற்று எட்டாது; அங்கே கரி படியும், காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும். பானையின் உட்புறத்தில் ஏதோ தாவரச் சாற்றைப் பூசியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. குழாயைக் கண்ணால் காணாவிட்டாலும், நெருப்புக்கு எங்கே காற்றுவிட வேண்டும், எங்கே அடைக்க வேண்டும் என்பது அந்தக் குயவருக்கு அத்துப்படி. அதுவே பெரிய வித்தை.

1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா எழுதிய கட்டுரைதான் நானோகுழாயை உலகறியச் செய்தது. ஆனால் 1952லேயே சோவியத் ஆய்வாளர்கள் இருவர் அதைப் படம் பிடித்திருந்தார்கள்.

கீழடிக்கு முன்பு அறியப்பட்ட பழைய சான்றுகளில் ஒன்று, 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள். 2006இல் ஜெர்மனியின் பீட்டர் பாஃப்லர் குழு அதில் நானோகுழாய்களைக் கண்டது. அத்தகைய வாள்களுக்கான உருக்கு இந்தியாவிலிருந்து போனது. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் அந்த உருக்குத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. உலோகம் உருக்கும் மண்கலமான மூசையில் இரும்போடு கரிக்காகச் சேர்த்ததாகப் பழைய செய்முறைகள் சொல்லும் பொருள்களில் ஆவாரையும் எருக்க இலையும் உண்டு; இரண்டும் சங்கரன்கோவில் பக்கத்துக் காட்டில் தானாக முளைக்கிறவை.

ஒரே விட்டம், ஒரே முறுக்கு உள்ள குழாய்களை மட்டும் வளர்த்தெடுப்பது இன்றைய ஆய்வகங்களுக்கும் பெரும்பாடு. கீழடி ஓட்டிலும் ஒற்றைச்சுவர்க் குழாய், பலசுவர்க் குழாய், அடுக்குத் தகடு எல்லாம் கலந்தே கிடந்தன.