சிவப்பு எழுத்தும் ஜவ்வாது மலையும்

புத்தாண்டு நாட்காட்டி வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் எண்ணுவது சிவப்பு எழுத்து நாட்களைத்தான். அந்தச் சிவப்பின் பிறப்பிடம் பலரும் அறியாதது: 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம்! உண்டியலுக்கும் காசோலைக்கும் விதிமுறை வகுக்க வெள்ளையர் இயற்றிய அச்சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ்தான் பொது விடுமுறைகள் இன்றும் அறிவிக்கப்படுகின்றன. நம் மீலாது நபி நாள் தமிழகப் பட்டியலில் 1969இல் ஏறியது, 2001இல் நீக்கப்பட்டது, 2006இல் மீண்டும் ஏறியது.

வணிகர் ஏட்டில் பிறந்த இப்பட்டியல், ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடியினருக்கு (இவர்கள் கேரளத்தார் அல்லர்) எதற்கு? பயிருக்கு ஏது விடுமுறை?

ஆயினும் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கிலும் ஊராட்சிதோறும் கிராம சபை கூடுவது தமிழக வழக்கம். 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியனவும் சேர்ந்தன. காட்டு நிலத்துக்கு உரிமை கோருவோரின் மனுவை முதலில் ஏற்று ஆராய வேண்டியது, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, கிராம சபையே. பழங்குடிப் பகுதிகளின் சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமோ இம்மலைக்குப் பொருந்தாது. ஐந்தாம் அட்டவணைப் பகுதியாகத் தமிழகத்தில் ஓரிடமும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே இருக்கும் சபை நாட்களையே இவர்கள் நம்ப வேண்டும். 2020 அக்டோபர் 2இல் கொரோனாவைக் காரணம் காட்டிக் கிராம சபைகள் நிறுத்தப்பட்டபோது, அலுவலகங்களுக்கு அது வழக்கமான விடுமுறை. மனு வைத்திருந்த மலைவாசிக்கோ கைநழுவிய வேலைநாள்.