மைட்டர் ரம்பம்: ஸ்கர்ட்டிங் பலகைக்கும் மரத்தரைக்கும்

மைட்டர் ரம்பம் என்பது பலகையை அதன் நீளத்துக்குக் குறுக்கே, வேண்டிய கோணத்தில் அறுக்கும் மின்கருவி. மேசைமேல் கிடத்திய பலகையின் மீது வட்டப் பிளேடு மேலிருந்து இறங்கி அறுக்கும். பலகை பின்னால் நகராதபடி மேசையின் பின்புறம் ஒரு நேரான தடுப்பு நிற்கும். மேசையின் நடுவட்டத்தை இடமோ வலமோ திருப்பினால் கோணம் மாறும். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகை, கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் பீடிங், லேமினேட் தரை, மரத்தரை ஆகியவற்றை நீளத்துக்கு வெட்டவும் மூலையில் பொருத்தவும் இதைவிடத் தோதான கருவி இல்லை. தமிழ்நாட்டு வீடுகளில் ஸ்கர்ட்டிங் என்றாலே பெரும்பாலும் டைல்ஸ் அல்லது கிரானைட்தான். மரத்தரை போட்ட அறைகளில்தான் மர ஸ்கர்ட்டிங்குக்கும் இந்த ரம்பத்துக்கும் வேலை.

மின்கருவி வருவதற்கு முன்பு மைட்டர் பெட்டி இருந்தது. மூன்று பக்கம் அடைத்த மரத்தொட்டி, அதன் சுவர்களில் 45, 90 டிகிரியில் கீறிய பிளவுகள், அவற்றுக்குள் ஓடும் கைரம்பம், அவ்வளவுதான். 1960களில் அமெரிக்காவில் ராக்வெல் நிறுவனம் இதை மோட்டார் வைத்த கருவியாகக் கொண்டுவந்தது. பின்னாளில் பிளேடின் தலை முன்னும் பின்னும் நகரும் வகையும் வந்து, அகலமான பலகைகளையும் ஒரே வீச்சில் அறுக்க முடிந்தது.

எந்த ரம்பம்?

கடையில் மூன்று வகை கிடைக்கும். முதல் வகையில் மேசை மட்டும் திரும்பும். இரண்டாவதில் பிளேடின் தலையும் பக்கவாட்டில் சாயும். மூன்றாவதான நகர் ரம்பத்தில் தலை திரும்பும், சாயும், தண்டுகளின்மேல் முன்னும் பின்னும் நகரவும் செய்யும். பிளேடின் விட்டம் பொதுவாக 216, 254, 305 மி.மீ.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட் என்பதைத்தான். கேட்கவேண்டிய கேள்வி வேறு: நான் அறுக்கப்போகும் பலகையின் அகலம் என்ன, ஸ்கர்ட்டிங்கின் உயரம் என்ன? லேமினேட் பலகைகள் ஏறக்குறைய 190 முதல் 200 மி.மீ. அகலம் வரும். நகராத 254 மி.மீ. ரம்பம் நேர் வெட்டில் 130 முதல் 145 மி.மீ. வரைதான் எட்டும், மீதியை அறுக்கப் பலகையைத் திருப்பிப்போட்டால் கோடு சேராது. 216 மி.மீ. நகர் ரம்பமோ, பிளேடு சிறியதாக இருந்தும், மாதிரியைப் பொறுத்து 250 முதல் 310 மி.மீ. வரை அறுக்கும். தரை வேலைக்கு நகர் ரம்பம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஸ்கர்ட்டிங்கில் கணக்கு சற்று மாறும். 90 அல்லது 100 மி.மீ. உயரப் பலகையைத் தடுப்போடு சேர்த்து நிற்கவைத்து, மேசையை 45 டிகிரி திருப்பி அறுப்பது எளிது. பிரிட்டனின் விக்டோரியா காலத்து வீடுகளில் உள்ளதுபோல் 200 மி.மீ.க்கு மேல் உயரமான ஸ்கர்ட்டிங்கை அப்படி நிறுத்தினால் மோட்டார் தலை இடிக்கும். அதைப் படுக்கவைத்து, தலையை 45 டிகிரி சாய்த்து, நகர்த்தி அறுக்கவேண்டும். தலை ஒரு பக்கம் மட்டும் சாயும் கருவியில் எதிர்ப்பக்க வெட்டுக்கு, முகப்பு மேலே பார்த்தபடியே இருக்க, கீழ்விளிம்பு தடுப்பைத் தொட்ட இடத்தில் மேல்விளிம்பு தொடும்படி பலகையைத் திருப்பினால் போதும். இரண்டு பக்கமும் சாயும் கருவி இந்தத் திருப்பலை மிச்சப்படுத்தும். அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

வெட்டுமிடத்தைக் காட்டும் விளக்கிலும் வேறுபாடு உண்டு. லேசர் கோடு அதிர்வில் மெல்ல விலகிப்போகும். பிளேடுக்கு மேலிருந்து விழும் எல்இடி ஒளியோ பிளேடின் நிழலையே பலகையில் காட்டும். பிளேடு எங்கே அறுக்குமோ அங்கேதான் நிழலும் விழும் என்பதால் அதை நம்பலாம்.

பிளேடு

கருவியோடு வரும் பிளேடு பெரும்பாலும் 24 அல்லது 40 பல் கொண்டது. கட்டுமான மரத்துக்கு அது சரி. வண்ணம் பூசிய ஸ்கர்ட்டிங்கிலும் லேமினேட்டிலும் ஓரத்தைப் பெயர்த்துவிடும். 254 மி.மீ. பிளேடில் 60 முதல் 80 பல், கார்பைடு முனை, பல்லின் சாய்கோணம் சுழியத்துக்கு அருகில் அல்லது அதற்கும் கீழே என்று பார்த்து வாங்கவேண்டும். சாய்கோணம் அதிகமான பற்கள் மரத்தைக் கவ்வி இழுக்கும். மேலிருந்து இறங்கும் ரம்பத்தில் அது ஆபத்து. நடுத்துளையின் விட்டமும் கருவிக்குக் கருவி மாறும். 30, 25.4, 15.88 மி.மீ. எல்லாமே புழக்கத்தில் இருப்பதால் பழைய பிளேடைக் கையோடு கொண்டுபோவது நல்லது. லேமினேட்டின் மேற்பூச்சில் அலுமினியம் ஆக்சைடு உண்டு. சாணைக்கல்லில் இருக்கும் அதே பொருள் அது. பற்களை வேகமாக மழுக்கும். ஸ்கர்ட்டிங்குக்கு ஒரு பிளேடு, தரைக்கு ஒரு பிளேடு எனப் பிரித்து வைத்துக்கொள்பவர்களின் ஓரங்கள் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

சிலாம்பு எந்தப் பக்கம் கிளம்பும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். பற்கள் மேலிருந்து நுழைந்து, அடியிலும் தடுப்பை ஒட்டிய பின்பக்கத்திலும் வெளியேறும். பெயர்வது அந்தப் பக்கம். அதனால் தரைப் பலகையின் முகப்பு மேலே பார்க்கவேண்டும். நிறுத்திய ஸ்கர்ட்டிங்கின் முகப்பு நம்மைப் பார்க்கவேண்டும். கையில் பிடித்து அறுக்கும் சர்க்குலர் ரம்பத்தில் பற்கள் கீழிருந்து மேலே வருவதால் இது அப்படியே தலைகீழ். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் குழம்புவது இங்கேதான்.

கோணம் சரிபார்த்தல்

புதுக் கருவியின் அளவுக்கோடுகளை அப்படியே நம்பக்கூடாது. இரு விளிம்பும் இணையாக உள்ள அகலப் பலகை ஒன்றை நேர் வெட்டில் இரண்டாக்கி, ஒரு துண்டை மட்டும் புரட்டிப்போட்டு, நேரான விளிம்பு ஒன்றில் இரண்டையும் ஒட்டவைத்து வெட்டுமுனைகளைச் சேர்க்கவேண்டும். இடைவெளி தெரிந்தால், அது கருவியின் பிழையைப்போல் இருமடங்கு. தடுப்பின் திருகுகளைத் தளர்த்திச் சரிசெய்துவிட்டு, அதே சோதனையை இன்னொரு முறை செய்யவேண்டும். 18 மி.மீ. தடிமனுள்ள இரு பலகைகளும் 45 டிகிரி வெட்டில் ஒரே பக்கமாக ஒவ்வொரு டிகிரி தவறினால், மூலையில் ஏறக்குறைய 0.9 மி.மீ. வாய் பிளக்கும். வெள்ளைப் பெயிண்டில் அது கரிக்கோடாகத் தெரியும்.

மூலைகள்

ஸ்கர்ட்டிங் வேலையின் உயிர் மூலையில் இருக்கிறது. ரம்பம் துல்லியமாக 45 டிகிரி அறுக்கும். சுவரோ அப்படி 90 டிகிரி நிற்பதில்லை. பூச்சுவேலையில் மூலைக்கு மூலை காரை கூடியும் குறைந்தும் போவதால் 88, 91, 92 என்று கோணம் அலையும். ஒவ்வொரு மூலையையும் கோணமானியால் அளந்து எழுதிக்கொண்ட பிறகே கருவியிடம் வரவேண்டும்.

அளந்ததைக் கருவிக்கு மாற்றுவதில் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நேர்கிறது. மைட்டர் ரம்பத்தின் அளவுகோலில் சுழியம் என்பது நேர் வெட்டு. ஆகவே இரு பலகைகளுக்கும் இடையிலான கோணத்தில் பாதியை 90இலிருந்து கழித்து வருவதை வைக்கவேண்டும். மூலை 92 டிகிரி என்றால் பாதி 46. கருவியில் வைப்பது 44. பிதுங்கு சன்னலின் 135 டிகிரி மூலைக்கு 22.5. கருவிகளில் 22.5இல் ஒரு நிறுத்தம் வைத்திருப்பது இதற்காகவே.

உள்மூலையில் இரு பலகைகளையும் 45 வெட்டிச் சேர்ப்பது பார்க்க எளிது, ஆனால் நீடிக்காது. மரம் காய்ந்து சுருங்கினாலோ, ஆணி அடிக்கும்போது பலகை சற்று நகர்ந்தாலோ இணைப்பு திறந்துகொள்ளும். அனுபவசாலித் தச்சர்கள் முதல் பலகையை நேராக வெட்டிச் சுவரில் முட்டவைப்பார்கள். இரண்டாவதை மைட்டர் ரம்பத்தில் 45 அறுத்தால், வெட்டுமுகமும் முகப்பும் சந்திக்கும் விளிம்பில் பலகையின் வளைவு அப்படியே கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பென்சிலால் அழுத்தி வரைந்து, மெல்லிய கோப்பிங் ரம்பத்தால் அதைப் பின்தொடர்ந்து, ரம்பத்தைப் பின்பக்கமாகச் சற்றே சாய்த்து அறுத்தெடுத்தால், இரண்டாவது பலகை முதலாவதன் வளைவைக் கவிந்து உட்காரும். சுவர் 88ஆக இருந்தாலும் 92ஆக இருந்தாலும் முன்விளிம்பு இடைவெளியின்றிச் சேரும். வளைவு இல்லாத சதுரப் பலகைக்கு இவ்வளவும் வேண்டாம், முட்டவைத்தாலே போதும்.

வெளிமூலைக்கு மைட்டர்தான். பலகையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, சுவர் முடியும் இடத்தைப் பலகையின் பின்பக்கத்தில் குறிக்கவேண்டும். முகப்பு அந்தக் குறியைத் தாண்டி நீளும்படி வெட்டவேண்டும். முதல் வெட்டை ஒரு மில்லிமீட்டர் கூடவே விட்டுவிட்டு, பிறகு சீவிச் சரிசெய்வது கைதேர்ந்தவர் வழக்கம். மோட்டார் நின்றிருக்கும்போது பிளேடை இறக்கி, பலகையின் முனையைப் பிளேடின் தட்டைப் பக்கத்தில் முட்டவைத்து, பலகையைக் கிளாம்பால் இறுக்கி, பிளேடைத் தூக்கி ஓடவிட்டு மறுபடி இறக்கினால், பற்கள் தகட்டைவிட வெளியே நீண்டிருக்கும் அளவு மட்டுமே சீவப்படும். அது அரை மில்லிமீட்டர்கூட இராது. எந்த அளவுகோலும் தராத நுணுக்கம் இது. இரு முகங்களிலும் பசை தடவிச் சேர்த்த பிறகே ஆணி அடிக்கவேண்டும்.

ஒரே பலகை எட்டாத நீளச் சுவரில், இரண்டு பலகைகளின் முனைகளையும் ஒரே திசையில் சாய்வாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏற்றவேண்டும். நேராக முட்டவைத்தால் மரம் சுருங்கும்போது சுவர் தெரியும். சாய்வில் தெரிவது மரம்தான்.

தரைப் பலகைகள்

தரை வேலையில் கோணம் அரிது, எண்ணிக்கை அதிகம். வரிசையின் கடைசிப் பலகையை நீளத்துக்கு வெட்டுவதே மைட்டர் ரம்பத்தின் பங்கு. சுவரோரத்துக் கடைசி வரிசையை நெடுக்காகப் பிளக்க இது உதவாது. அதற்கு மேசை ரம்பமோ, சர்க்குலர் ரம்பமோ, ஜிக்சாவோ வேண்டும். கதவு நிலையின் அடியைச் சீவிப் பலகையை உள்ளே செருகவும் கைரம்பமோ மல்ட்டி டூலோதான்.

லேமினேட்டும் மரமும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். கட்டுகளை அறையிலேயே 48 மணி நேரம் கிடத்திவைத்து, சுவரைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டே பரப்பவேண்டும். அந்த இடைவெளியை மூடுவதுதான் ஸ்கர்ட்டிங்கின் வேலை. எனவே தரை முதலில், ஸ்கர்ட்டிங் பிறகு. ஆணி சுவரில் இறங்கவேண்டும், தரையில் இறங்கினால் தரை விரிய வழியின்றி நடுவில் எழும்பும்.

பாதுகாப்பு

நகர் ரம்பத்தில் தலையை முதலில் தன் பக்கம் இழுத்து, மோட்டாரை ஓடவிட்டு, கீழே இறக்கி, தடுப்பை நோக்கித் தள்ளி அறுக்கவேண்டும். இழுத்தபடி அறுத்தால் பிளேடு பலகையின்மேல் ஏறி அறுப்பவர்மீது பாயும். பிளேடின் இரு பக்கமும் 15 செ.மீ. தூரத்துக்குள் கை வரக்கூடாது. அதைவிடச் சிறிய துண்டைக் கிளாம்பால் பிடிக்கவேண்டும். வளைந்த பலகையின் புடைத்த பக்கம் தடுப்பைத் தொடவேண்டும், இல்லையேல் வெட்டு முடியும் தருணத்தில் பிளேடு கவ்விக்கொள்ளும். அறுத்து முடித்ததும் விசையை விட்டு, பிளேடு நின்ற பிறகே தலையைத் தூக்கவேண்டும். கையுறையும், தோளில் தொங்கும் துண்டும், தளர்ந்த சட்டைக் கையும் கருவியருகே ஆகாது.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடைப் பூட்டி, காப்பைக் கழற்றிவிட்டு பீடிங் அறுப்பதைப் பரவலாகப் பார்க்கலாம். அந்தக் கருவி மரப் பற்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு முறை உதைத்தால் விரல் போகும், முகம் போகும். தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

தூசியும் சிறிய விஷயமல்ல. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் சேர்த்தது. எம்.டி.எஃப். ஸ்கர்ட்டிங்கை அறுக்கும்போது பறக்கும் மாவு மிக நுண்ணியது. அதில் ஃபார்மால்டிஹைடு பிசினும் கலந்திருக்கும். தூசி உறிஞ்சி, கண்ணாடி, காதடைப்பு, எஃப்.எஃப்.பி.2 தர முகக்கவசம் நான்கும் வேண்டும்.

ஒரே ஓர் அறைக்கு மட்டும் ஸ்கர்ட்டிங் அடிப்பவருக்கு மைட்டர் பெட்டியும் கூரான கைரம்பமும் தாராளம். வீடு முழுக்க வேலை என்றால் நகர் ரம்பத்தை வாடகைக்கு எடுக்கலாம். தொழிலாகச் செய்பவர் வாங்கும்போது காசை மிச்சம் பிடிக்க விரும்பினால் வாட்டிலும் லேசரிலும் பிடிக்கட்டும். பிளேடிலும் தூசி உறிஞ்சியிலும் பிடிக்கவேண்டாம்.