1823: ஒரு கோடு பிறந்த கதை

பர்மாவில் மண்ணின் மக்கள் யார், பிறகு வந்தவர் யார் என்று பிரிக்கச் சட்டத்தில் ஓர் ஆண்டு இருக்கிறது: 1823. ஆங்கிலேயர் பர்மாவோடு முதல் போர் தொடுத்தது அதற்கு மறு வருடம், 1824-இல். 1823-க்கு முன்பே அங்கே குடியிருந்த இனத்தவர்தாம் நாட்டுக்காரர்கள். விடுதலை பெற்ற கையோடு, 1948 குடியுரிமைச் சட்டத்தில் இந்த ஆண்டு ஏறியது. அதற்குப் பின்னால் இருந்த கோபத்தில், என் கணிப்பில், செட்டிநாட்டுக்கும் பங்கு உண்டு.

செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் 1850-களில் மோல்மேனுக்கும் ரங்கூனுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போனார்கள். தரையில் பாய், முன்னால் கணக்குப் பெட்டி, அதுதான் கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊர் திரும்பிவிடுவார்கள். பெண்டு பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேயே. நெல் விளைய வைத்த கடன் அவர்களுடையது. 1930-இல் நெல் விலை படுத்ததும் அடமான நிலங்கள் வந்து விழுந்தன. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6, 1937-இல் 25. செட்டியாருக்கு வேண்டியது பணம், நிலமல்ல என்பது மெய்தான். பறிகொடுத்த உழவனுக்கு அது என்ன ஆறுதல்?

ஆனாலும் 1948 சட்டம் கதவை முழுக்கச் சாத்தவில்லை. அலகாபாத்தில் பிறந்த ரஷீத், பிரதமர் ஊ நூவின் அமைச்சரவையில் அமைச்சராகவே இருந்தார். கதவைச் சாத்தியவர் பின்னால் வந்த ராணுவ ஆட்சியாளர் நே வின். 1982 சட்டம் குடிமக்களை மூன்று தரமாக்கியது. பின்னிரண்டு தரத்தாருக்கு முக்கியப் பதவிகள் கிடையாது என்று அவரே வெளிப்படையாகப் பேசினார். 2008 அரசியல் சட்டப்படி, தாய் தந்தை இருவரும் குடிமக்களாக இருந்தாலன்றி ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினராகக்கூட முடியாது.

அதற்குள் செட்டியார்கள் கணக்கை முடித்திருந்தார்கள். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது பலர் ஓடிவந்தார்கள், 1948-இல் நிலம் அரசுடைமை, 1964-இல் கடைகளும் போயின. திரும்பி வந்தவர்களின் பெயரால் காரைக்குடியில் பர்மா காலனி இருக்கிறது. அங்கேயே தங்கிவிட்டவர்கள் அறுவடைக்கும் மூட்டை தூக்கவும் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள். ஒரு வட்டிச் சீட்டும் எழுதாதவர்கள் தலையில்தான் 1823 விடிந்தது. இது அநியாயம்.

இந்திய அரசியல் சட்டத்தை எழுதிய நம்மவர்களும் இப்படிக் கோடு போட்டிருக்கலாம். அமெரிக்க அதிபர் பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற விதி கண்முன்னே இருந்தது. போட்டிருந்தால், 1948 ஜூலை 19-க்குப் பிறகு பாகிஸ்தானிலிருந்து வந்து பதிவு செய்து குடியுரிமை பெற்ற அகதிகளும், ரங்கூனில் பிறந்து இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொண்ட செட்டிவீட்டுப் பிள்ளையும் குடியரசுத் தலைவர் பதவியை நினைத்தே பார்த்திருக்க முடியாது. 1999-இல் இத்தாலியில் பிறந்த சோனியா காந்தியை முன்னிட்டு சரத் பவார், சங்மா, தாரிக் அன்வர் மூவரும் அந்தக் கோட்டைக் கேட்டார்கள். காங்கிரஸ் அவர்களை வெளியேற்றியது, தனிக்கட்சி கண்டார்கள். அரசியல் சட்டத்தின் 58-ஆவது பிரிவு மாறவில்லை. இந்தியக் குடிமகனா, 35 வயது ஆயிற்றா, மக்களவைக்கு நிற்கும் தகுதி உண்டா என்று கேட்கிறது. பிறந்த ஊரைக் கேட்பதில்லை.