நாற்பதாவது குரங்கு வைரஸ்

புற்றுநோய் ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்குத் தொற்றக்கூடும் என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலம் ஏற்கவில்லை. பெய்டன் ரவுஸ் 1911-இல் கோழிகளிடம் இதைக் காட்டினார். நோபல் பரிசு 1966-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில், 1953-இல், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் லுட்விக் கிராஸ் என்ற போலந்துக்காரர் ஒரு விந்தையைக் கண்டார். இரத்தப் புற்றுநோய் கண்ட எலிகளின் சாற்றை வடிகட்டிக் குட்டி எலிகளுக்குச் செலுத்தினார். சிலவற்றுக்கு இரத்தப் புற்றுநோய் வரவில்லை, மாறாகக் காதடி உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி எழும்பியது. சாற்றில் இருந்த நுண்ணுயிர் ஒன்றல்ல, இரண்டு.

அந்த இரண்டாவதைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துக் காட்டியவர்கள் சாரா ஸ்டூவர்ட், பெர்னிஸ் எடி என்ற இரு பெண்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வளர்த்த வைரஸ் எலியில் மட்டுமன்றி ஹாம்ஸ்டரிலும் முயலிலும், உடலின் பல இடங்களில் கட்டிகளை உண்டாக்கியது. 'பாலி' என்றால் பல, 'ஓமா' என்றால் கட்டி; பாலியோமா என்ற பெயர் அப்படி வந்தது. வைரஸ் பெயரின் முன்னால் இருவரின் பெயர் எழுத்துகளும் சில காலம் ஒட்டியிருந்தன. பின்னர் உதிர்ந்துவிட்டன.

எடியை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். இளம்பிள்ளை வாதத் தடுப்பூசியைச் சோதிக்கும் பொறுப்பு அவருடையது. கட்டர் நிறுவனத்திலிருந்து வந்த மருந்தைச் செலுத்திய குரங்குகளுக்கு வாதம் கண்டதை 1954-இல் அவர் மேலிடத்துக்குத் தெரிவித்தார். யாரும் செவிசாய்க்கவில்லை. 1955 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் ஊசி குழந்தைகளுக்குப் போடப்பட்டது; உயிருள்ள வைரஸ் அதில் எஞ்சியிருந்தது. ஏறத்தாழ 200 பேர் முடங்கினர், 10 பேர் இறந்தனர்.

அந்தத் தடுப்பூசிக்கான வைரஸை ரீசஸ் குரங்குகளின் சிறுநீரகத் திசுவில் வளர்த்தார்கள். குரங்குகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் சென்றவை. (நம் தெற்கத்திக் குரங்குகள் அல்ல, வடநாட்டுக் காடுகளிலும் ஊர்களிலும் பிடிபட்டவை. 1978-இல் இந்திய அரசு ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது.) 1959-இல் எடி இந்தச் சிறுநீரகச் செல்களை அரைத்து, பிறந்த ஹாம்ஸ்டர் குட்டிகளின் தோலுக்கடியில் செலுத்தினார். வைரஸ் எதையும் அவர் சேர்க்கவில்லை. மாதங்கள் சென்றபின் பெரும்பாலானவற்றில் கட்டி தோன்றியது. எனவே குரங்கின் செல்லுக்குள்ளேயே ஏதோ ஒன்று ஒளிந்திருக்க வேண்டும்.

1960-இல் மேலதிகாரி ஜோசப் ஸ்மேடலிடம் சொன்னார். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் எடி இதைப் பேசியதும், இனி முன் அனுமதியின்றி எங்கும் பேசலாகாது என்று தடை வந்தது. நாளடைவில் ஆய்வுக்கூடமும் பறிபோயிற்று.

ஆனால் அதே 1960-இல் மெர்க் நிறுவனத்தின் பென் ஸ்வீட்டும் மாரிஸ் ஹில்மனும் ஒளிந்திருந்ததைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டிருந்தனர். ரீசஸ் செல்களில் அது எந்தத் தடயமும் காட்டாது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் செல்லில் இட்டால் குமிழ்குமிழாய்ப் பொள்ளிச் சிதைக்கும். குரங்கு வைரஸ்களின் வரிசையில் நாற்பதாவது, ஆகவே எஸ்.வி.40. போலியோ வைரஸைக் கொல்லும் ஃபார்மலின் இதை முழுமையாகக் கொல்லவில்லை. புதிதாகச் செய்யும் மருந்தில் இது இருக்கக்கூடாதென 1961-இல் ஆணை பிறந்தது. முன்பே செய்து வைத்த மருந்து திரும்பப் பெறப்படவில்லை, 1963 வரை புழங்கியது. அதற்குள் ஒரு கோடி, ஒருவேளை மூன்று கோடி அமெரிக்கர்களின் உடலில் இவ்வைரஸ் புகுந்திருக்கலாம் என்பது கணக்கு.

இவ்விடத்தில் இதைச் சதிக்கதையாக்கிச் சுவைப்போர் பலர். நாம் அதற்கு உடன்படவில்லை. 1952-இல் அமெரிக்காவில் சுமார் 58,000 பேரைத் தாக்கிய இளம்பிள்ளை வாதம், 1961-இல் ஏறத்தாழ 1,300 ஆகச் சுருங்கியது அந்த ஊசியால்தான். ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பத்தாண்டுக் கணக்கில் தொடர்ந்த ஆய்வுகளில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. சில மூளைக் கட்டிகளில் எஸ்.வி.40-இன் சுவடு கிடைத்ததாக 1990-களில் செய்தி வந்தது. வேறு ஆய்வகங்களில் கிடைக்கவில்லை. ஏற்கவும் மறுக்கவும் சான்று போதாது என்றது 2002-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை. ஆயினும், சொல்ல வந்தவரின் வாயை அடைத்ததற்கு எந்தப் புள்ளிவிவரமும் நியாயமாகாது. இன்று தடுப்பூசியை ஐயுறுவோர் முதலில் கையிலெடுப்பது அந்த மௌனத்தைத்தான்.

வைரஸோ ஆய்வகத்தில் அறிவியலுக்கு ஊழியம் செய்தது. செல்லின் காவலாளி எனப்படும் பி53 புரதம் 1979-இல் பிடிபட்டது, எஸ்.வி.40-இன் புரதமொன்று அதைப் பற்றிக்கொண்டிருந்ததால்தான்.

மனிதனுக்கே உரிய பாலியோமா வைரஸ்கள் 1971-இல் வெளிப்பட்டன. ஜே.சி., பி.கே. என்பவை நோயாளிகளின் பெயரெழுத்துகள். முன்னது எதிர்ப்பாற்றல் குன்றியோரின் மூளையை அரிக்கும். பின்னது மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தைக் கெடுக்கும். பறவைகளும் தப்பவில்லை, பட்ஜெரிகர் கிளிக் குஞ்சுகளைக் கொத்தாகக் கொல்லும் ஒன்று 1980-களின் தொடக்கத்தில் அறியப்பட்டது.

எடி 1973-இல் ஓய்வுபெற்று 1989-இல் மறைந்தார். மனிதனில் புற்றுநோய் உண்டாக்கும் பாலியோமா வைரஸ் உண்டா என்ற கேள்விக்கு 2008-இல் பிட்ஸ்பர்க்கில் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதியர் விடை கண்டனர். மெர்க்கெல் செல் புற்று என்னும் அரிய தோல் நோயின் கட்டிகளில் அது இருந்தது. அது குரங்கிடமிருந்து வந்ததல்ல. நம்மில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே பெற்று, தோலில் சுமந்து திரிவது.