வதோதராவின் 0.47: கணினிக்கு உரியதா, அருகில் இருந்தவருக்கு உரியதா?

தொடக்க வகுப்பில் கணினி பயன் தருமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் நம் ஆய்வுகள் குஜராத்தின் வதோதராவிடம் போய் நிற்கின்றன. அபிஜித் பானர்ஜி, ஷான் கோல், எஸ்தர் டஃப்லோ, லீ லிண்டன் ஆகிய நால்வரும் 2007இல் ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின் ஓர் எண்ணே அந்தக் கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்துக்கு 2 மணி நேரம் கணினியில் கணக்கு விளையாட்டுகள் விளையாடினார்கள். அவர்களுடைய கணக்கு மதிப்பெண் முதலாண்டில் 0.35 திட்ட விலக்கமும் இரண்டாம் ஆண்டில் 0.47 திட்ட விலக்கமும் உயர்ந்தது. பள்ளிகளில் செய்து பார்க்கப்படும் தலையீடுகளில் இவ்வளவு பெரிய எண் அரிது. எனவே, ‘இந்தியச் சூழலிலும் கருவி பலன் தருகிறது’ என்று அதை வாசிக்கும் ஒரு மரபு உருவாகி, கருத்துருக்களிலும் ஆய்வேடுகளிலும் வேரூன்றிவிட்டது.

அந்த வாசிப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. எண்ணில் ஐயமில்லை, சமவாய்ப்பு முறையில் பள்ளிகளைப் பிரித்த அந்த ஆய்வின் வடிவமைப்பு நேர்த்தியானது. அந்த எண் எதை அளந்தது என்பதில்தான் வேறுபடுகிறேன்.

மூலக் கட்டுரையின் பின்னணிப் பகுதியைத் திரும்பப் படிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் குஜராத் அரசு, வதோதராவின் 100 மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குத் தலா 4 கணினிகள் கொடுத்தது. நகரின் மாநகராட்சிப் பள்ளிகளில் இது ஏறத்தாழ 80 விழுக்காடு. ஈராண்டு கழித்து, 2002 ஜூனில், பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில் அவற்றுள் மிகச் சிலவற்றைத்தான் சிறு வகுப்புப் பிள்ளைகள் தொட்டிருந்தது தெரியவந்தது. இயக்கத் தெரிந்தவர் இல்லாமல் பெரும்பாலானவை பெட்டியைவிட்டே வெளிவரவில்லை. இந்த நிலையில்தான் பிரதம் உள்ளே வருகிறது. பள்ளிகளில் பாதியைத் தேர்ந்து, ஏற்கெனவே இருந்த கணினிகளில் குஜராத்தி மொழி மென்பொருளை ஏற்றி, அந்தந்தப் பகுதியிலிருந்தே பயிற்றுநர்களை எடுத்து 5 நாள் பயிற்சி கொடுத்து அனுப்புகிறது. மறு பாதி ஒப்பீட்டுப் பள்ளிகள். தம்மிடம் இருந்த கணினிகளைத் தம் விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ள அவற்றுக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் கற்பித்தலுக்கு அவை பயன்பட்டதை ஆய்வுக் குழு ஒருமுறைகூடக் காணவில்லை. கட்டுரையாசிரியர்கள் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். மேற்கோள் காட்டுவோர் அந்த வாக்கியத்தைக் கவனித்ததற்கான தடயமே இல்லை.

என் வாதம் முழுவதும் அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. தலையீட்டுப் பள்ளியின் சராசரியிலிருந்து ஒப்பீட்டுப் பள்ளியின் சராசரியைக் கழித்தால் கிடைப்பது 0.47. இரு பக்கமும் பொதுவாக இருப்பது கழித்தலில் அடிபட்டுப் போகும். அரசு கொடுத்த கணினி இரு பக்கமும் இருந்தது. அடிபடாமல் மிஞ்சுபவை நான்கு: மென்பொருள், பயிற்றுநர், கணக்குக்கென்று ஒதுக்கிய நேரம், இரண்டு பிள்ளைகள் ஒரு திரையைப் பகிர்ந்துகொண்ட ஏற்பாடு. இந்த நான்கின் கூட்டு விளைவுக்குத்தான் 0.47 என்று பெயர். ‘பள்ளிக்குக் கணினி வாங்கினால் என்ன கிடைக்கும்’ என்ற கேள்விக்கு வதோதரா தரும் மிக நேரான சான்று, ஒப்பீட்டுப் பள்ளிகளில் பிரிக்கப்படாமல் கிடந்த பெட்டிகள்தான்.

மீதி 20 விழுக்காட்டுப் பள்ளிகளில் அரசுக் கணினி இல்லையே என்று கேட்கலாம். சமவாய்ப்பு முறை அந்தப் பள்ளிகளையும் இரு பக்கமும் பகிர்ந்துவிடுகிறது; இவ்வளவு பெரிய எண்ணை அவை மட்டுமே தாங்கியிருக்க முடியாது. கணினி இல்லாமல் மென்பொருள் எப்படி ஓடும் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. அடுப்பில்லாமல் சோறு வேகாது என்பதற்காகச் சோற்றின் ருசியை அடுப்பின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

பயிற்றுநரின் பணியைப் பற்றி மூலக் கட்டுரை சொல்வது சிறிய பகுதிதான், ஆனால் துல்லியமானது. அவர் பொதுவாகக் கணக்குப் பாடம் நடத்தவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் நிலைக்குச் சற்றே கடினமான விளையாட்டை எடுக்கும்படி தூண்டினார். விளையாட்டு கேட்பது புரியாதபோது தனியே உதவினார். பிள்ளைக்கும் அவருக்கும் நடந்த உரையாடல் எல்லாம் திரையில் நடப்பதைப் பற்றியே இருந்தது. ‘பாடம் நடத்தவில்லை’ என்பதைப் பிடித்துக்கொண்டு, பயிற்றுநர் வெறும் மேற்பார்வையாளர், பலன் மென்பொருளுடையது என்று வாதிடுவோர் உண்டு. தொடக்க வகுப்பில் தனியே உதவுவது என்றால் என்ன என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள்.

நான் பார்த்த ஒரு காட்சி இது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மடிக்கணினியில் கழித்தல் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் 52 கழித்தல் 27. அவள் 35 என்று அடித்தாள். தவறு என்று ஒலி எழுந்தது. 34, 36, 45, கடைசியில் 25. நட்சத்திரம் விழுந்தது, பக்கத்திலிருந்த பையன் கைதட்டினான். மென்பொருளின் பதிவேட்டில் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. ஆசிரியர் முடிக்கவில்லை. “முதல்ல ஏன் 35னு போட்ட கண்ணு?” என்று கேட்டார். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு டீச்சர்.” பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் பழக்கம் அது, மேலே எது, கீழே எது என்ற கணக்கே அவளிடம் இல்லை. ஆசிரியர் ஐந்து ஈர்க்குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் தரையில் வைத்தார். “இந்த ரெண்டுலேர்ந்து ஏழு குடு பாப்போம்.” சிறுமி குச்சிகளைப் பார்த்தாள், ஆசிரியரைப் பார்த்தாள், பிறகு ஒரு கட்டின் நூலைப் பிரித்தாள். அடுத்த கணக்கில் அவள் திரையைத் தொடுவதற்கு முன் குச்சியைத் தேடினாள்.

ஒரு காட்சியை வைத்து ஆய்வு முடிவு சொல்ல முடியாது என்பதை அறிவேன். 25 என்ற சரியான விடையும் ஊகித்து அடைந்த 25உம் திரைக்கு ஒன்றாகத் தெரிந்தன, ஆசிரியருக்கு வேறாகத் தெரிந்தன என்பதைக் காட்ட மட்டும் இது போதும். வதோதராவின் 5 நாள் பயிற்றுநர்கள் எல்லோரும் இதே திறத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இருந்த அறையும் இல்லாத அறையும் ஒன்றல்ல என்பதே என் வாதம்.

என் வாசிப்புக்கு எதிரான வலுவான தடை அதே கட்டுரையில் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த ஆய்வின் இன்னொரு கிளை ‘பால்சகி’ திட்டம். பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர் இளம்பெண்கள், பின்தங்கிய பிள்ளைகள் 15 முதல் 20 பேரைத் தனியே அழைத்து, நாளொன்றுக்கு 2 மணி நேரம் அடிப்படைகளைக் கற்பித்தார்கள். கணினி கிடையாது. அதன் பலன் முதலாண்டில் 0.14, இரண்டாம் ஆண்டில் 0.28. ஆளால்தான் பலன் என்றால், தினமும் 2 மணி நேரம் இருந்த ஆளைவிட வாரத்துக்கு 2 மணி நேரம் கணினியோடு இருந்த ஆள் அதிகம் சாதித்தது எப்படி? கேள்வி நியாயமானது. மென்பொருளுக்குப் பங்கு உண்டு என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது; அதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே அளவுகோலில் நிற்பவை அல்ல. பால்சகி எண், பின்தங்கியவர்களை மட்டும் வெளியே அழைத்த திட்டத்தின் விளைவை வகுப்பு முழுவதற்கும் கணக்கிட்ட சராசரி. கணினித் திட்டத்தில் வகுப்பே பங்கேற்றது. பால்சகியின் 2 மணி நேரம் முழுவதும் பள்ளி நேரத்திலிருந்து எடுக்கப்பட்டது. கணினியின் 2 மணி நேரத்தில் ஒரு மணி பள்ளி தொடங்கும் முன்போ முடிந்த பின்போ கிடைத்த கூடுதல் நேரம். செலவும் ஒன்றல்ல: பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்குப் பால்சகிக்கு 107 ரூபாய், கணினித் திட்டத்துக்கு 722 ரூபாய். இரு திட்டங்களும் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பலன் ஏறத்தாழ 0.10 அளவுக்கு மங்கியிருந்தது. கணினி தந்த கல்வி நீடிக்கும் என்போருக்கும் ஆள் தந்த கல்வி நீடிக்கும் என்போருக்கும் இதில் ஆறுதல் இல்லை.

அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தைத்தான் பழைய வாசிப்பு முற்றிலும் தவறவிட்டது. அதன் எடையை உணர வதோதராவோடு இன்னொரு குஜராத் ஆய்வைச் சேர்த்துப் படிக்க வேண்டும். நால்வருள் ஒருவரான லிண்டனே கியான் சாலா என்னும் தொண்டு நிறுவன வகுப்புகளில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதே வகைக் கணினி வழிக் கணக்கைச் சோதித்தார். வழக்கமான வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு கணினியில் உட்கார வைத்த ஆண்டில் மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் சரிந்தது. வகுப்புக்கு வெளியே கூடுதல் நேரமாகக் கொடுத்த ஆண்டில் 0.28 உயர்ந்தது, பின்தங்கிய பிள்ளைகளே அதில் மிகுதியும் பயனடைந்தார்கள். கியான் சாலா வகுப்புகள் நன்கு திட்டமிட்டு நடத்தப்பட்டவை. அங்கே கணினி இடம்பெயர்த்தது நல்ல கற்பித்தலை. வதோதராவில் பள்ளி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் எடுத்தும் மொழி மதிப்பெண் குறையவில்லை. அங்கே இடம்பெயர்ந்ததில் இழக்க அதிகம் இல்லை போலும். கியான் சாலாவின் இரு ஆண்டுகளும் ஒரே பிள்ளைகளைப் பற்றியவை அல்ல, ஆகவே எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அளக்க முடியாது. திசை மட்டும் தெளிவு. கருவியின் பலனைக் கருவியிடம் கேட்டால் பதில் வராது. அது எந்த நேரத்தை எடுத்துக்கொண்டது, அந்த நேரத்தில் முன்பு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

பெரு நாட்டின் சான்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், திட்டம் நடந்த பள்ளிகளில் பிள்ளைக்கு 0.12 என்றிருந்த கணினி விகிதம் 1.18 ஆனது. கணக்கிலும் மொழியிலும் மாற்றம் தென்படவில்லை. இதைக் காட்டிக் ‘கணினி தோற்றது’ என்போரும் வதோதராவைக் காட்டிக் ‘கணினி வென்றது’ என்போரும் ஒரே பிழையைத்தான் இரு முனைகளில் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த வாசிப்பு தொலைவான விவகாரம் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் நாம் இதையே வேறு கருவியோடு பார்த்தோம். அட்டையும் கற்றல் ஏணியும் தாழ்கரும்பலகையும் கருவிகள்தாம். ஆசிரியரோடு தரையில் உட்காரும் குழு, சக மாணவரோடு உட்காரும் குழு, தனியே செய்யும் குழு என்ற ஏற்பாடு உயிரோடு இருந்த வகுப்புகளில் அட்டை பேசியது. அது இல்லாத வகுப்புகளில் அட்டை அலமாரியில் இருந்தது. 2018 பாடநூல்களின் க்யூஆர் குறியீடு, 2019இன் கல்வித் தொலைக்காட்சி, 2023இன் மணற்கேணி செயலி, அண்மையில் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துள்ள திறன்மிகு வகுப்பறைத் திரைகள் என்று இன்று கருவிகள் பெருகிவிட்டன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைக்கேற்பப் பிரிக்கச் சொல்கிறது. ஒரு பெரிய திரை எல்லோருக்கும் ஒரே காட்சியைக் காட்டுகிறது. இந்த இரண்டையும் ஒரே பாடவேளையில் இசைவிப்பது ஆசிரியரின் தலையில் விழுகிறது.

ஈராசிரியர் பள்ளியில் திரைக்கு உண்மையான பயன் இருக்கிறது என்று நம்புகிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள் ஒரு பாடலைத் திரையில் பார்த்துப் பாடும் 20 நிமிடத்தில், ஆசிரியர் மூன்றாம் வகுப்பின் அரும்புப் பிள்ளைகளோடு குச்சிக் கட்டோடு உட்கார முடியும். அங்கே திரை ஆசிரியரின் கையை விடுவிக்கிறது. அப்படி விடுபட்ட நேரத்தைச் செயலியில் பதிவேற்றும் வேலை விழுங்கிவிட்டால் வதோதராவின் ஒப்பீட்டுப் பள்ளிக்கும் நமக்கும் வேறுபாடு சொற்பம்.

தொடக்கப் பள்ளிக்குக் கருவி வாங்கும் ஒவ்வொரு கருத்துருவிலும் மூன்று வரிகள் சேர வேண்டும்: பிள்ளையின் பக்கத்தில் உட்காரப்போவது யார், அவருக்கு ஊதியம் எந்தத் தலைப்பில், எந்தப் பாடவேளை அதற்காக ஒதுக்கப்படுகிறது. 0.47ஐ இனி மேற்கோள் காட்டும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்த எண்ணை எழுதும் அதே பத்தியில், ஒப்பீட்டுப் பள்ளிகளிலும் கணினிகள் இருந்தன என்பதையும் எழுதுங்கள்.