130ஆம் இடத்தில் இருப்பது யார்? நாடுகளின் தரவரிசைகளும் சாதியும்

2025 மே மாதம் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையில், 193 நாடுகளுள் இந்தியா 130ஆம் இடத்தைப் பெற்றது. ஐஸ்லாந்து முதலிடத்திலும் தென் சூடான் கடைசி இடத்திலும் இருந்தன. இத்தகைய பட்டியல் வெளியாகும் போதெல்லாம் இரு குரல்கள் எழுகின்றன. 133லிருந்து 130க்கு முன்னேறிவிட்டோம் என்கிறது ஆளும் தரப்பு. இலங்கை 89ஆம் இடத்தில் இருக்கிறதே என்று கேட்கிறது எதிர்த் தரப்பு. இரண்டுமே 'இந்தியா' என்பதைப் பிளவற்ற ஒரே பொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஊர் என்றும் சேரி என்றும் பிரிக்கப்பட்ட ஒரு நாட்டிற்கு ஒற்றை எண் எவ்வாறு தரப்படுகிறது, அந்த எண்ணுக்குள் யார் கரைந்து போகிறார்கள் என்பதை அறிந்துகொண்டால்தான், இத்தரவரிசைகளை நம் வாதங்களில் சரியாகக் கையாள முடியும்.

எண் பிறக்கும் முறை

ஒரு நாட்டின் வளத்தை அதன் மொத்த வருமானத்தால் அளப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. தேசிய வருமானக் கணக்கீட்டை வடிவமைத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்திற்கு அளித்த அறிக்கையிலேயே, இந்த எண்ணை வைத்து ஒரு தேசத்தின் நலனை ஊகிக்க இயலாது என எச்சரித்திருந்தார். எச்சரிக்கை மறக்கப்பட்டது, எண் நிலைத்தது. 1990இல்தான் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்திய சென் உள்ளிட்டோரின் துணையுடன் மனித மேம்பாட்டுக் குறியீட்டை முன்வைத்தார்.

இக்குறியீடு மூன்று கூறுகளால் ஆனது: ஆயுள், கல்வி, வருமானம். 2025 அறிக்கையின்படி இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் சராசரி எதிர்பார்ப்பு ஆயுள் 72 ஆண்டுகள். பள்ளியில் சேரும் குழந்தை பெறக்கூடும் என எதிர்பார்க்கப்படும் கல்விக்காலம் 13 ஆண்டுகள். ஆனால் 25 வயதைக் கடந்தோர் உண்மையில் பெற்றுள்ள சராசரிக் கல்வி 6.9 ஆண்டுகள் மட்டுமே. தலைக்குரிய வருமானம், நாடுகளுக்கிடையிலான விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்த பின், ஏறத்தாழ 9,000 டாலர். ஒவ்வொரு கூறும் சுழியத்திற்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட மதிப்பாக மாற்றப்பட்டு, மூன்றின் பெருக்குச் சராசரி காணப்படுகிறது. 2010க்கு முன்பு கூட்டுச் சராசரி கையாளப்பட்டது. அதில் ஒரு கூறின் பள்ளத்தை மற்றொன்றின் மேடு முழுமையாக நிரப்பிவிடும். இப்போது அது அவ்வளவு எளிதல்ல. இவ்வாறு கிடைத்ததே இந்தியாவின் 0.685.

இந்த முயற்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பணத்திற்கு வெளியேயும் வாழ்க்கை உண்டு என்பதை அரசுகளின் மேசையில் வைத்தது இக்குறியீடுதான். ஆனால் கூறுகள் மூன்றும் நாட்டுச் சராசரிகள் என்பதால், ஒரு நாட்டிற்குள் பல நாடுகள் இருந்தால் அது நம் கண்ணுக்குப் புலப்படாது.

பிரித்துக் காட்டிய இரண்டு ஆண்டுகள்

அதைப் புலப்பட வைக்கும் வழியை இதே அறிக்கை ஒருமுறை செய்து காட்டியது என்பது நம் தோழர்கள் பலருக்குத் தெரியாது. 1993 அறிக்கை, அமெரிக்காவின் குறியீட்டை இனவாரியாகப் பிரித்தது. வெள்ளையர் மட்டும் தனி நாடாக இருந்தால் அது உலகின் முதலிடத்தில் நிற்கும். கறுப்பினத்தவர் தனி நாடாக இருந்தால் 31ஆம் இடம். இசுபானிய மொழிவழி வந்தோர் 35ஆம் இடம். மறு ஆண்டு அறிக்கை தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொண்டது. வெள்ளையரின் தென்னாப்பிரிக்கா 24ஆம் இடத்தில், ஸ்பெயினுக்கு அடுத்து. கறுப்பரின் தென்னாப்பிரிக்கா 123ஆம் இடத்தில். நிறவெறி ஆட்சி வீழ்ந்து நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவரான அதே 1994இல் இக்கணக்கு வெளியானது. ஒரே கொடியின் கீழ் இரு உலகங்கள் என்று மேடைகளில் சொல்லப்பட்டு வந்ததற்கு, ஏறத்தாழ நூறு இடங்கள் என்னும் அளவு கிடைத்தது.

இந்தியாவின் பட்டியல் சாதி மக்களுக்கு இப்படியொரு வரிசை எண் அந்த உலகப் பட்டியலில் தரப்படவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 20.14 கோடிப் பேர். நாட்டின் மக்கள்தொகையில் 16.6 சதவீதம். 2010இல் பிரேசில் நாடு முழுமைக்கும் எடுக்கப்பட்ட கணக்கைக் காட்டிலும் இது அதிகம். பிரேசிலுக்கு வரிசை எண் உண்டு.

எனினும் துண்டு துண்டாகச் சில அளவுகள் நம்மிடம் உள்ளன. முதலில் ஆயுள். அசாம், பீகார், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களின் தரவுகளைக் கொண்டு சங்கீதா வியாஸும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித் மக்களின் எதிர்பார்ப்பு ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்றும், பழங்குடியினருக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்றும் கண்டது. அதைவிட முக்கியமான முடிவு ஒன்றும் அதில் உண்டு: இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவான பகுதியையே பொருளாதார நிலை விளக்குகிறது. வறுமை ஒழிந்தால் சாதி வேறுபாடு தானே மறையும் என்போர் இவ்வாய்வுக்குப் பதில் சொல்ல வேண்டும். சம வருமானம் உள்ள இருவரில் ஒருவர் முன்னதாக இறக்கிறார் என்றால், மருத்துவமனையில் தொடத் தயங்கும் கையும், கழிவுநீர் வந்து தேங்கும் தெருவும், கழிவகற்றும் தொழிலும் கணக்கில் வந்தே தீரும்.

இவ்விடத்தில் நம் தரப்பில் நிகழும் ஒரு பிழையைச் சுட்ட வேண்டியுள்ளது. தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்னும் கூற்று, ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை வழியாகப் பரவியது. அது உண்மையில் 2004இல் எடுக்கப்பட்ட மாதிரி ஆய்வில், இறந்தவர்களின் சராசரி வயதை ஒப்பிட்ட எண்: 39.5க்கும் 54.1க்கும் உள்ள வேறுபாடு. எதிர்பார்ப்பு ஆயுள் என்பது வேறு. குழந்தைகளும் இளையோரும் மிகுந்த சமூகத்தில், இறப்போரின் சராசரி வயது இயல்பாகவே தாழ்ந்திருக்கும். 'தலித் பெண்ணின் ஆயுள் 39' என்று துண்டறிக்கையில் அச்சிட்டால், எதிரில் அமர்ந்திருக்கும் அதிகாரி அதை ஒரே நிமிடத்தில் தள்ளிவிடுவார். அதனுடன் நாம் கொண்டு சென்ற உண்மையான மூன்று ஆண்டுகளும் தள்ளப்பட்டுவிடும்.

கல்வியில், 2011 கணக்கெடுப்பு நாட்டின் எழுத்தறிவை 73 சதவீதம் என்றும் பட்டியல் சாதியினருடையதை 66.1 சதவீதம் என்றும் காட்டியது. பட்டியல் சாதிப் பெண்களுள் அது 56.5 சதவீதம். வாழ்க்கைத் தரம் குறித்து மிகத் தெளிவான சான்று 2021ஆம் ஆண்டின் உலகப் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் கிடைக்கிறது. உணவு, பள்ளி, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், வீடு முதலியவற்றில் ஒரு குடும்பத்திற்கு எவையெல்லாம் மறுக்கப்பட்டுள்ளன என்று எண்ணுவது அம்முறை. அவ்வாண்டு அது சாதிவாரியாகவும் பிரிக்கப்பட்டது. பழங்குடியினரில் 50.6 சதவீதமும், பட்டியல் சாதியினரில் 33.3 சதவீதமும், பிற பிற்படுத்தப்பட்டோரில் 27.2 சதவீதமும் வறியோர். நாட்டின் வறியோர் ஆறு பேரில் ஐவர் இம்மூன்று பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். அடிப்படைத் தரவு 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வுடையது. பிரிக்க முடியாது என்பதில்லை. பிரிக்க வேண்டும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஐ.நா. அறிக்கையிலேயே 'ஏற்றத்தாழ்வைக் கழித்த' குறியீடு ஒன்று உண்டு. அதன்படி இந்தியா தன் மதிப்பில் 30.7 சதவீதத்தை இழந்து 0.475க்கு இறங்குகிறது. ஆனால் அது இழப்பின் அளவை மட்டுமே சொல்கிறது. இழந்தவர் யார் என்று சொல்வதில்லை.

அமைதி என்னும் அளவுகோல்

வாழ்க்கைத் தரத்தைவிடப் பாதுகாப்பை அளப்பதில் சிக்கல் அதிகம். சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட பொருளாதார, அமைதி நிறுவனம் 2007 முதல் உலக அமைதிக் குறியீட்டை வெளியிடுகிறது. 163 நாடுகள், 23 அளவைகள். 2008 முதல் ஐஸ்லாந்தே முதலிடம். 2025இல் இந்தியா 115ஆம் இடம். அளவைகளில் கொலை விகிதம், சிறையிலிருப்போர் எண்ணிக்கை, ஆயுத இறக்குமதி, பயங்கரவாதம், அண்டை நாட்டு உறவு ஆகியவை அடங்கும். வன்முறையும் வன்முறை பற்றிய அச்சமும் இல்லாத நிலையே அமைதி என்பது அதன் வரையறை.

கொலை விகிதத்தை மட்டும் பார்த்தால் இந்தியா நல்ல நாடு. 2022இல் இங்கு ஒரு லட்சம் பேருக்கு 2.1 கொலைகள், அமெரிக்காவில் ஆறுக்கும் மேல். ஆனால் சாதி நாள்தோறும் கொலை செய்வதில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்கும் முதியவர் எந்தப் பதிவேட்டிலும் குற்ற நிகழ்வாக ஏறுவதில்லை. அவர் பணிந்து நடக்கும் வரை அந்தத் தெரு அமைதியான தெரு. அவருடைய பேரன் செருப்பணிந்து நடக்கும் நாளில்தான் அங்கு 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' பிறக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. 23 அளவைகளில் அதை எதன் கீழ் எழுதுவது? போர் இல்லை, கொலை இல்லை, குண்டுவெடிப்பு இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி பட்டியல் சாதியினர் மீதான குற்றங்கள் 2021இல் 50,900, 2022இல் 57,582, 2023இல் 57,789, அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 158. இவ்வெண்களையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். வழக்குகள் உயர்வது வன்கொடுமை பெருகியதையும் காட்டலாம். முன்பு அஞ்சி ஒதுங்கியவர்கள் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் புகார் அளிக்கத் துணிந்ததையும் காட்டலாம். பதிவு குறைந்த மாநிலத்தைப் பாதுகாப்பான மாநிலம் என்று முடிவுசெய்வது, பலமுறை வாயில்படியிலேயே திருப்பி அனுப்பும் காவல் நிலையத்திற்கு நற்சான்று வழங்குவதாகிவிடும்.

மகிழ்ச்சிப் பட்டியலை விரைவாகக் கடந்துவிடலாம். நாடொன்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம், உங்கள் வாழ்க்கை பத்துப் படி ஏணியில் எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டு, மூன்று ஆண்டுகளின் சராசரி எடுக்கப்படுகிறது. 2018 முதல் பின்லாந்து முதலிடம். 2025இல் இந்தியா 118. ஏணியின் மேற்படிகளைக் கண்டே அறியாதவர் தம் படியை எவ்வாறு மதிப்பிடுவார் என்பது அமர்த்திய சென் நெடுநாளாக எழுப்பிவரும் ஐயம். சாதியும் படிநிலையாக அடுக்கப்பட்ட ஏணிதான் என்பதை நினைத்தால் அந்த ஐயம் நமக்குக் கூடுதலாகவே பொருந்தும். 'வாழத் தகுந்த நகரங்கள்' பட்டியல்களோ, பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியர்களுக்கு எவ்வளவு சிறப்புப்படி தரலாம் என்று கணக்கிடும் தேவையிலிருந்து வளர்ந்தவை. துப்புரவுப் பணியாளருக்கு அந்நகரம் எப்படி என்று அவை கேட்பதில்லை.

மேலே உள்ள நாடுகளும்

இந்தியாவைத் தாழ்த்த இலங்கையை உயர்த்திக் காட்டுவோர், நுவரெலியாவின் லயன் அறைகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து பெருமளவில் ஆங்கிலேயரால் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் இலங்கை மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வில், வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிய ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். 89ஆம் இடம் என்பது தோட்டத்தையும் கொழும்பையும் கலந்து பெற்ற எண்.

உயர்கல்விக்காக வெளிநாடு செல்ல எண்ணும் நம் மாணவர்களும் இதைக் கருதலாம். தரவரிசையின் உச்சியில் உள்ள நாட்டிற்குச் சாதி விமானத்தில் உடன் வருகிறது. சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்கும் கடமையைப் பிரித்தானிய நாடாளுமன்றம் 2013இல் விதித்தது; 2018இல் அரசு அதிலிருந்து பின்வாங்கியது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் தடை இயற்றியது; கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய முன்வரைவை அவ்வாண்டு அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். எந்த நாட்டில் குடியேறுவது என்பதைவிட, அங்கு புகார் அளிக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

பன்னாட்டு அட்டவணைகளில் சாதிக்கு ஒரு பத்தி இல்லாமல் போனதற்கு அரசியல் காரணம் உண்டு. 2001 டர்பன் மாநாட்டில் சாதியைச் சேர்ப்பதை இந்திய அரசு கடுமையாக எதிர்த்தது. மறு ஆண்டு ஐ.நா. இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, வம்சாவளி என்னும் சொல் சாதியையும் உள்ளடக்கும் எனத் தெளிவுபடுத்தியது. இந்தியா அதை ஏற்கவில்லை. 2015இல் வகுக்கப்பட்ட நீடித்த வளர்ச்சி இலக்குகள், தரவுகளை வருமானம், பாலினம், வயது, இனம், குடிப்பெயர்வு, மாற்றுத்திறன், வாழிடம் என்று பிரிக்கச் சொல்கின்றன. சாதி என்னும் சொல் அங்கு இல்லை. 'அந்தந்த நாட்டிற்குப் பொருத்தமான பிற தன்மைகள்' என்னும் தொடர் மட்டும் இருக்கிறது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு அதுதான்.

2025 ஏப்ரல் 30 அன்று, வரவிருக்கும் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என ஒன்றிய அரசு அறிவித்தது. அதன் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. எழுத்தறிவும் வீடும் குடிநீரும் அதில் சாதிவாரியாகக் கிடைக்கக்கூடும். ஆயுள் கிடைக்காது. எதிர்பார்ப்பு ஆயுளைத் தருவது மாதிரிப் பதிவு முறை. அதன் ஆயுள் அட்டவணைகள் மாநிலம், பாலினம், ஊரகம், நகரம் என்றே பிரித்து வெளியிடப்படுகின்றன. அந்த அட்டவணையில் பட்டியல் சாதி, பழங்குடி என இரண்டு பத்திகளைச் சேர்க்குமாறு இந்தியத் தலைமைப் பதிவாளருக்கு எழுதுவதற்கு 2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை.