பிரசங்கமும் இருக்கையும்: தரங்கம்பாடி லூத்தரன் எழுப்புதல் குறித்து ஒரு நோக்கு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எழுப்புதல் கூட்டமொன்றில் ‘பாவம்’, ‘மனந்திரும்புதல்’ ஆகிய சொற்கள் இன்று ஒலிக்கையில், வன்னி மக்கள் அவற்றை விளக்கம் வேண்டாதனவாகவே கொள்கின்றனர். இத்தகைய சொற்கள் தமிழிற் புரட்டஸ்தாந்துப் பிரசங்கத்தின் பொருளை ஏற்ற களங்களுள் தரங்கம்பாடியும் ஒன்றாகும்.

1706 யூலை 9ஆம் நாள் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கும் புளுட்சோவும் ஜேர்மனியின் ஹாலே நகரப் பயற்றிச இயக்கத்தைச் சார்ந்தவர்கள். லூத்தரன் சபைக்குள்ளேயே எழுந்த அவ்வியக்கம், கோட்பாட்டறிவினும் உள்ளத்தின் மாற்றத்தையே வற்புறுத்தியது. ஆதலின் பிரசங்கம் கேட்போரின் தாய்மொழியிலேயே நிகழவேண்டியிருந்தது. சீகன்பால்கு பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றமை இத்தேவையின் விளைவே.

எனினும், சொல் கிடைத்ததும் பொருள் கிடைத்துவிடவில்லை. தமிழ் மரபில் ‘பாவம்’ என்பது புண்ணியத்துக்கு எதிராக வைத்தெண்ணப்படுவது. பிறவிதோறும் செயலாற் கூடுவது, குறைவது. பயற்றிசத்திலோ அது மனிதர் அனைவரையும் பிறப்பிலேயே பற்றிய சீர்கேடு. இந்த இடைவெளியைப் பிரசங்கம் தனித்து நிரப்பியதெனக் கொள்வதற்கில்லை. அதனைத் தொடர்ந்த வினாவிடையும், ஊரூராகச் சென்று மக்களின் பேச்சில் அதனை எடுத்துரைத்த தமிழ் உபதேசிமாரின் உழைப்புமே அதனைச் சாத்தியமாக்கின. மிசன் வரலாறுகள் பல ஐரோப்பியரின் பெயரால் எழுதப்பட்டமையால் இவ்வுழைப்பு உரிய அளவு கவனிக்கப்படவில்லை.

யாவரும் ஒரே தன்மையான பாவிகள் என்று கேட்ட சபையோ, 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்தே அமர்ந்தது. பிரசங்கத்தின் பொருளை வரையறுத்ததில் இவ்விருக்கைக்கும் பங்குண்டு: சமத்துவம் ஆன்மாவுக்குரியது, உடலுக்கன்று என்பதை அது வாய்திறவாமலே போதித்தது.

1733இல் முதலாவது தமிழ்க் குருவாக ஆரோன் அபிடேகம் பெற்றார், அவர் வெள்ளாளர். தஞ்சைப் பகுதியில் சபையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பறையர் குலத்தவரான உபதேசி இராசநாயக்கன். அடுத்த குருவைத் தெரிந்தபோது அவரது பெயர் ஆராயப்பட்டது. அவர் கையால் திருவிருந்து பெற வெள்ளாளர் தயங்குவர் என மிசனரிமார் கருதினர். இதனைக் காலத்தின் நிர்ப்பந்தமென அமைதி கூறுவோர் உளர். நிலவுடைமைச் சமூகத்தின் கருத்துநிலையோடு எழுப்புதல் இயக்கம் செய்துகொண்ட உடன்பாடென்பதே பொருத்தமாகும். 1741இல் தியோகு குருவானார். இராசநாயக்கன் உபதேசியாகவே தொடர்ந்து போதித்தார்.